மேலே கோடு இல்லாதவர்கள்

“ஏன்டா தம்பி, மேல இருக்கற ஆள் போயிட்டா, கீழ இருக்கறவங்க இல்லாமலா போயிடுவாங்க?”

சாப்பாட்டு மேசையில் அக்கா இதைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உப்பு போதுமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அவள் தம்பி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதே மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அக்கா என்று நான் சொல்வது என் அம்மாவை. ஆனால் இது என் மாமாவின் கதை. அவர் பக்கத்திலிருந்து சொன்னால்தான் புரியும். அதனால் அம்மாவை அவர் கூப்பிடுகிறபடி அக்கா என்றும், அவரை அலுவலகத்தில் கூப்பிடுகிற பெயராலும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

அலுவலகத்தில் அவருக்குக் கட்டம் என்று பெயர்.

வலைத்தளங்கள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. கீழே கண்ணாடி அறுக்கும் கடை, இரண்டாம் மாடியில் இவர்கள். கண்ணாடி அறுபடும்போதெல்லாம் பல் கூசும். புதிதாகச் சேர்ந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இவர் மட்டும் தலை நிமிராமல் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருப்பார். எதைச் செய்யச் சொன்னாலும் முதலில் கட்டம் போட்டு, கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கணினியைத் தொடுவார். அவர் வரத் தாமதமானால் யாராவது, “இன்னிக்கு நம்ம கட்டம் சரியில்லப்பா” என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அங்கே வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒன்றைத் தவறாமல் கேட்பார்கள். எங்கள் இடத்தில் யாருக்குக் கீழே யார் என்று காட்டுகிற படம் வேண்டும். உச்சியில் தலைவர், அவருக்குக் கீழே மேலாளர்கள், அவர்களுக்குக் கீழே மற்றவர்கள். ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்குள் முகமும் பெயரும், கட்டத்துக்குக் கட்டம் ஒரு கோடு. கேட்க எளிதாக இருக்கும். செய்யும்போதுதான் உயிர் போகும். லாரி நிறுவனத்துக்குச் செய்தது பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாது. ஆள் கூடினால் கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கைபேசியில் திறந்தால் தலைவர் மட்டும் தெரிவார், மற்றவர்கள் எல்லோரும் திரைக்கு வெளியே எங்கோ தொங்குவார்கள்.

“துணி தைக்கிறவன் ஒவ்வொரு சட்டைக்கும் புதுசா ஒரு தையல் மிஷினா செய்வான்? நாம அதைத்தான் செஞ்சிட்டிருக்கோம்” என்று ஒருநாள் எரிச்சலோடு சொன்னார்.

அன்றிலிருந்து, மற்ற வேலைகளுக்கு நடுவே, தானே ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். காம்பொனென்ட் என்பார்கள். ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் எந்த வலைத்தளத்திலும் எடுத்துப் பொருத்திக்கொள்ளக்கூடிய துண்டு. அதற்குக் கொடுக்க வேண்டியது ஆட்களின் விவரம்தான். இவர் யார், இவருக்கு மேலே யார். அவ்வளவு தெரிந்தால் போதும், கட்டங்களுக்கு அளவாக இடம் விட்டு, கோடுகள் ஒன்றோடொன்று சிக்காமல் அது தானே படத்தை வரைந்துகொள்ளும். ஒரு கிளையைச் சுருக்கலாம், விரிக்கலாம். ஒரு கட்டத்தைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் முடிவு செய்யவில்லை. அதைப் பொருத்துகிறவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். ஒருவர் தொலைபேசி எண்ணைக் காட்டிக்கொள்ளலாம், இன்னொருவர் விடுப்புக் கொடுத்துக்கொள்ளலாம். அதுதான் இதன் அழகே என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது முகம் கல்யாண மாப்பிள்ளை போல இருக்குமாம்.

இதைச் சொன்னது ஊசி. அவள் அந்த அலுவலகத்தின் டெஸ்டர். யார் எதைச் செய்து முடித்தாலும் அதை எங்கே குத்தினால் உடையும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அந்தப் பெயரும் அப்படி வந்ததுதான்.

காம்பொனென்டை முதல்முறை ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டிய அன்று ஒரு விபரீதம் நடந்தது. அவர்கள் கொடுத்த விவரத்தில் ஒரு தோட்டக்காரருக்கு மேலே யார் என்பது காலியாக இருந்தது. மேலே யாரும் இல்லையென்றால் இவர்தான் உச்சி என்று எடுத்துக்கொண்டு, தலைவருக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், தோட்டக்காரரை உட்கார வைத்துவிட்டது படம். அந்தத் தலைவர் அறையிலேயே இருந்தார்.

“இவர் எப்போலேர்ந்து எனக்குப் பார்ட்னர்?” என்றார் அவர்.

அவருடன் வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் கிளம்பியதும் முதலாளி கட்டத்தைக் கூப்பிட்டார்.

“இப்படி மிதக்கற ஆளுங்களையெல்லாம் காட்டாதீங்க. மானம் போகுது. நாளைக்குள்ள சரி பண்ணிடுங்க.”

கட்டம் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தார். தலைவரைத் தவிர, மேலே இருப்பவர் யார் என்று கிடைக்காத ஆளை வரையாதே. அவ்வளவுதான் அந்த வரி. படம் சுத்தமாகிவிட்டது. ஊசி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இவர் பக்கம் நகர்த்திக்கொண்டு வந்தாள்.

“சரி சார், வரையல. அவங்க எங்க போனாங்க?”

“எங்கயும் போகல. விவரத்தைச் சரியா குடுத்தா தானா வந்துடுவாங்க.”

“காணாமப் போனது தெரிஞ்சாத்தானே சரி பண்ணுவாங்க? ஓரமா ஒரு இடம் வைங்க. இவங்களுக்கு மேல யாருன்னு தெரியலன்னு எழுதிப் போடுங்க.”

“ஓரத்துல குப்பை ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கும்மா. பார்க்கச் சகிக்காது.”

“ஆளுங்க சார் அவங்க.”

“அடுத்த ரிலீஸ்ல வச்சிடறேன். போதுமா?”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. உங்க அடுத்த ரிலீஸ் வர்றதுக்குள்ள பேரனே வந்துடுவான்” என்று சொல்லிவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டு போனாள்.

அவர் பொய் சொல்லவில்லை. வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். எப்படி இருக்க வேண்டும் என்று தாளில் கட்டம்கூடப் போட்டுப் பார்த்தார். ஆனால் அடுத்த ரிலீஸில், அதாவது அடுத்த பதிப்பில், கைபேசித் திரைக்கான வேலை வந்துவிட்டது. அதற்கடுத்ததில் வேறு ஒன்று. இல்லாத கட்டத்தைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி யார் புகார் செய்வார்கள்?

இதற்குள் அந்தக் காம்பொனென்ட் ஊர் சுற்ற ஆரம்பித்திருந்தது. இவர்கள் செய்த எல்லா வலைத்தளங்களிலும் அது ஏறியது. வேறு அலுவலகங்களில் இருந்த நண்பர்கள் கேட்டார்கள். “தாராளமா எடுத்துக்கோங்க, அதுக்குத்தானே செஞ்சது” என்று கொடுத்தார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். எங்காவது ஒரு அலுவலகத்துக்குப் போய், வரவேற்பறையில் காத்திருக்கும்போது, சுவரில் இருக்கும் திரையில் தன் கட்டங்களையும் கோடுகளையும் பார்த்துவிட்டால் அவருக்கு அன்றைக்குப் பசியே எடுக்காது.

அப்படித்தான் அது அக்காவின் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தது.

அக்கா அங்கே துணி அறைக்குப் பொறுப்பு. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறை. வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து, தள்ளுவண்டியில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். எப்போதும் நீராவியும் சூடான பருத்தித் துணியின் வாசனையுமாக இருக்கும். மடித்து அடுக்கிய விரிப்புகளுக்கு நடுவே கையை நுழைத்து, எது உள்ளே ஈரமாக இருக்கிறது என்று அக்கா சொல்லிவிடுவாள். அவளுக்குக் கீழே மூன்று பெண்கள்.

அந்த அறை கட்டத்துக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடம் விட்டால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால், அக்காவின் வேலை முடியும்வரை அங்கேதான் கிடப்பார். மடிப்பு மேசையின் ஒரு மூலையில் வீட்டுப்பாடம் எழுதுவார். துணியில் குறி போடுகிற மையை எடுத்து, கிழிந்த விரிப்புத் துண்டில் அவர் போட்ட கட்டங்களை அக்கா பல வருடம் துடைப்புத் துணியாக வைத்திருந்தாள்.

படம் வந்த முதல் நாள் அக்கா கைபேசியை எடுத்துக்கொண்டு தம்பியிடம் வந்தாள்.

“டேய், நான் எங்கடா இருக்கேன்?”

“கீழ தள்ளு.”

“தள்ளிட்டேன்.”

“இன்னும் கீழ.”

“இன்னுமா? என்னை என்ன பாதாளத்துலயா போட்டிருக்கே?”

“நீ வேலை பார்க்கறதே பாதாளத்துலதானேக்கா.”

“அப்ப சரியாத்தான் போட்டிருக்கே” என்றாள். பிறகு தன் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டத்தைத் தொட்டால் அந்த ஆளுக்குத் தொலைபேசி போகும்படி ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்திருந்தார்கள். அக்கா தன் கட்டத்தைத் தானே தொட்டாள். “பாருடா, நான் வேற யார்கூடயோ பேசிட்டிருக்கேனாம்!” என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மறுநாள் துணி அறைப் பெண்கள் மூவரையும் உட்கார வைத்து அவரவர் முகத்தைக் காட்டினாளாம். தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாட்ட வந்தவரைக்கூட விடவில்லை. “என் தம்பி செஞ்சது.”

சில மாதங்கள் கழித்து, துணி அறைக்கு மேலே இருந்த மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு உடனே யாரையும் போடவில்லை. பணியாளர் பிரிவில் அவருடைய விவரத்தை எடுத்துவிட்டார்கள். அது முறையான வேலைதான். ஆனால் அந்த நொடியிலிருந்து அக்காவுக்கு மேலே யாரும் இல்லை. கட்டம் சேர்த்த அந்த ஒற்றை வரி, சொன்னதைச் செய்தது. அக்காவின் கட்டம் போனதும், அதிலிருந்து தொங்கிய மூன்று பெண்களும் சேர்ந்து படத்திலிருந்து மறைந்தார்கள். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. படம் முன்பைவிடக் கொஞ்சம் ஒடுங்கி, அழகாகவே இருந்தது.

அக்கா தம்பிக்குத் தொலைபேசி செய்தாள். கீழே கண்ணாடி அறுபட்டுக்கொண்டிருந்தது. அவர் ஏதோ அவசர வேலையில் இருந்தார்.

“தம்பி, உன் படத்துல என்னைக் காணோம்டா.”

“ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருக்கா.”

“அப்படின்னா?”

“விரலை வச்சுக் கீழ இழுத்து விடு. மறுபடி வரும்.”

“இழுத்துட்டேன். வரல. போட்டோ நல்லா இல்லன்னு எடுத்துட்டாங்களோ என்னவோ.”

“இருக்கும் இருக்கும். அப்புறம் பார்க்கறேன்க்கா.”

“சரி சரி, நீ வேலையப் பாரு.”

இந்தப் பேச்சைப் பிற்பாடு அவர் எத்தனை முறை தனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாரோ. வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை உட்கார்ந்து பார்த்திருப்பார். சொன்னது அக்கா. அக்காவுக்குக் கணினி தெரியாது, ஏதோ தப்பாகத் தொட்டிருப்பாள் என்று நினைத்துவிட்டார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். காணோம் என்று யார் சொன்னாலும் முதலில் ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்வார்கள். பாதி நேரம் அது சரியாகவும் போய்விடும்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் அதே படத்தை இன்னொரு வேலைக்கும் பொருத்தியிருந்தார்கள். துணி அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள். ஒவ்வொரு ஆண்டும் அதைப் புதுப்பிக்க வேண்டும். பணியாளர் பிரிவு அதிகாரி படத்தைத் திறப்பார், கிளை கிளையாக விரிப்பார், ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் புதுப்பிப்பார். தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பொருத்துகிறவர் விருப்பத்துக்கு விட்டதுதானே அதன் அழகு? அதிகாரி அந்த ஆண்டும் ஒரு கட்டம் விடாமல் தொட்டார். இல்லாத கட்டத்தை அவர் எப்படித் தொடுவார்?

துவைப்பதையும் மடிப்பதையும் வெளியே ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்ற யோசனையும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்தால் யாருக்காவது வேலை போகுமா என்று நிர்வாகத்தில் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்விதான். படத்தைப் பார்த்தார்கள். துணி அறையில் ஆளே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஒரு காலையில் அக்கா ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் கருவியில் தன் அடையாள அட்டையை வைத்தாள். கதவு திறக்கவில்லை, சிவப்பு விளக்கு எரிந்தது. காவலாளி அவளைப் பல வருடமாகத் தெரிந்தவர். அட்டையை வாங்கித் தன் சட்டையில் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

“உள்ள நீங்க இல்லன்னு வருதும்மா.”

“நான் இங்க நிக்கறேனேப்பா.”

“எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியலயே.”

அங்கே நின்றபடியே தம்பியைக் கூப்பிட்டாள். அவள் பாதி சொல்வதற்குள் அவருக்கு முழுவதும் தெரிந்துவிட்டது. கையில் பிடித்திருந்த பேனாவை மேசையில் வைக்கக்கூடத் தோன்றாமல், அதோடு படியிறங்கி ஓடினார்.

பணியாளர் பிரிவு அதிகாரி சின்ன வயதுப் பெண். பொறுமையாகத்தான் பேசினாள். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“நீங்களே பாருங்க சார். துணி அறையில யாருமே இல்ல.”

“இருக்காங்க. படம் காட்டல, அவ்வளவுதான்.”

“இந்தப் படத்தை வச்சுத்தானே சார் எல்லாமே பண்றோம். இதுவரைக்கும் ஒரு தப்பு வந்ததில்ல.”

“தப்பு வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். இதை எழுதினது நான்தான்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். படத்துக்குப் பின்னால் இருக்கும் விவரத்தை அப்படியே திறக்கச் சொன்னார். அங்கே நால்வரும் இருந்தார்கள். பெயர், முகம், வேலை, எல்லாம் இருந்தது. அக்காவுக்கு மேலே யார் என்ற இடம் மட்டும் காலி.

“ஐயோ” என்றாள் அவள்.

அவள் தன்னால் முடிந்ததைச் செய்தாள், அதைச் சொல்ல வேண்டும். இளைய பெண்கள் மூவருக்கும் வார்டுகளில் இடம் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் தொடர்ந்திருந்தால் ஓய்வு பெறும்வரை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அது விட்டுப்போனதால் இனி அவளைப் புதிய ஆளாகத்தான் சேர்க்க முடியும். புதிய ஆளுக்கு வயது வரம்பு உண்டு. அக்கா அதை எப்போதோ தாண்டியிருந்தாள். துணி அறைக்குள் வெளி நிறுவனத்தின் இயந்திரங்கள் வந்துவிட்டன. மடிப்பு மேசையை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை.

கதவு திறக்காத அந்த நாளில் இரண்டு பேரும் ஒரே பேருந்தில் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னார். தோட்டக்காரரிலிருந்து ஆரம்பித்தார். தான் சேர்த்த வரியைச் சொன்னார், ஊசி சொன்னதைக் கேட்காததைச் சொன்னார். அக்கா தொலைபேசி செய்த அன்று தான் எழுந்து பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, புதுப்பிக்கும் நாள் அதற்குப் பிறகுதான் வந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அக்கா முதலில் சிரித்தாள். “விடு, என் கட்டம் சரியில்ல.”

பிறகு கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அதன் பிறகுதான், ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மறுநாள் கட்டம் அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வரியை எடுத்தார். படத்தின் ஓரத்தில் ஒரு பட்டை வைத்து, “இவர்களுக்கு மேலே யார் என்று தெரியவில்லை” என்று எழுதி, அந்த ஆட்களின் கட்டங்களை வரிசையாக நிற்க வைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. அதுதான் அவரை அதிகம் வாட்டியது. பெரிய வேலையாக இருந்திருந்தால் மனதுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். ஓரத்தில் அது குப்பை போலவும் இல்லை. பார்க்க நன்றாகவே இருந்தது.

ஊசியைக் கூப்பிட்டுக் காட்டினார். பேரனே வந்துவிட்டான் என்று கேலி பேசுவாள் என எதிர்பார்த்தார். பேசினால் தேவலை என்றுகூட இருந்தது. அவளுக்கு விஷயம் தெரியும் போலிருக்கிறது. “நல்லா இருக்கு சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

பிறகு, காம்பொனென்டை யார் யாருக்குக் கொடுத்தார் என்று நினைவிலிருந்து தோண்டித் தோண்டி எழுதி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அந்த வரியை மாற்றச் சொன்னார். சிலர் உடனே மாற்றிக்கொண்டார்கள். சிலர், “நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?” என்றார்கள். சிலர் அந்த வேலையிலேயே இல்லை. வாங்கியவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள், அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. இப்போது எந்த அலுவலகத்துக்குப் போனாலும், சுவர்த் திரையில் அப்படி ஒரு படத்தைப் பார்த்தால், அருகில் போய் ஓரத்தில் அந்தப் பட்டை இருக்கிறதா என்று தேடுகிறார். இல்லையென்றால் வந்த வேலையை விட்டுவிட்டு, “இதை யார் பார்த்துக்கறாங்க?” என்று விசாரிக்கிறார். பைத்தியமோ என்று பார்க்கிறார்கள்.

அக்கா வீட்டில் இருக்கிறாள். இருக்கிற நான்கு விரிப்புகளையும் ஆஸ்பத்திரி முறைப்படி, மூலை வெளியே தெரிய, மடித்து வைக்கிறாள். சில நாள் பிரித்து மறுபடி மடிக்கிறாள். கட்டம் வரும்போது எழுந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். பின்னால் நகர்ந்து, முன்னால் வந்து, மூலையோடு மூலை சேர்ப்பார்கள். இருவரும் நெருங்கி வரும்போது அவர் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார். “இழுத்துப் பிடிடா, தொங்குது பாரு” என்பாள் அக்கா.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு படம் இருந்தால், அதில் உங்களைத் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்குக் கதவு திறந்துவிடுகிறவர், துணி மடிக்கிறவர், மேலாளர் போய் வெகுநாளாகியும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறவர், இவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். யாராவது தன்னைக் காணோம் என்று சொன்னால் ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்லாதீர்கள், எழுந்து போய்ப் பாருங்கள். அந்தப் பழைய வரி இன்னும் எங்கெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியாது. அது கை மாறிப் போனது போலவே இந்தக் கதையும் போனால்தான் அதை எட்டிப் பிடிக்க முடியும். தயவுசெய்து, இதை உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமாவது சொல்லுங்கள்.